தீயும் மரப்பட்டையும்

மாசி பிறந்துவிட்டால் பள்ளிப்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களில், இரவு வேளையில் நகரி மலைச்சரிவுகளில் நெருப்பு மாலை தொடுத்தாற்போல் ஊர்ந்து செல்வதைக் காணலாம். புதுப்புல் தழைக்க வேண்டுமென்று ஆடுமாடு மேய்ப்போர் வைக்கும் தீயும் உண்டு. அணையாத பீடித்துண்டால் மூளுவதும் உண்டு. மறுநாள் மரங்கள் நிமிர்ந்து நிற்கும். 'மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று நாமும் போய்விடுகிறோம். மெய்யாகவே ஒன்றும் ஆகவில்லையா?

மரத்தின் உயிர், பட்டைக்கு அடியிலுள்ள கேம்பியம் என்னும் மெல்லிய படலத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பம் அதைத் தொட்டால் அது மடியும். அதைக் காப்பது பட்டை. பட்டையின் கனம் இரு மடங்கானால், வெப்பம் உள்ளே சென்று சேரப் பிடிக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஆகவேதான் முதுமரம் தப்புகிறது, இளங்கன்று கருகுகிறது. முதுமலைக் காட்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 1988-ஆம் ஆண்டு முதல் 50 ஹெக்டேர் நிலத்தில் மரங்களை எண்ணி அளந்து வருகின்றனர். அங்கும் தீயில் பெரும்பாலும் மடிவன சிறு தண்டுகளே.

ஆனால், பட்டை வெறும் போர்வையன்று. அது ஒரு மருந்துக்கிடங்கு. அதன் தக்கையில் நீர் புகாத சூபரின் இருக்கிறது. உட்பட்டையில் டானின் எனப்படும் துவர்ப்பொருள் இருக்கிறது. ஆவாரம்பட்டையைக் கொண்டு நம் நாட்டார் தோல் பதனிட்டது இத்துவர்ப்பின் வலிமையாலேயே. தோலை அழுகவிடாமல் காக்கும் அதே பொருள், மரத்தைக் காளானும் புழுவும் தின்னாமல் காக்கிறது. வேங்கையை வெட்டினால் குருதிபோல் வடியும் பிசினும் துவர்ப்பு மிக்கதே. முதலைத்தோல்போல் கட்டம்கட்டமாக வெடித்த செம்மரப் பட்டையைக் கீறினாலும் செந்நிறப் பிசின் கசியும்.

தீ இக்கிடங்கை என்ன செய்கிறது? ஆவியாகக்கூடிய வாசனைப் பொருள்கள் முதலில் பறந்துவிடுகின்றன. துவர்ப்பொருளும் லிக்னினும் எளிதில் கொழுந்துவிட்டு எரிவதில்லை. பெரும்பாலும் கரியாகி, அக்கரியே உள்ளிருப்பதற்கு ஒரு கவசமாகிறது. பிசினோ நேர்மாறு. இமயமலையின் சீர் பைன் மரங்களில் பிசின் எடுக்கக் கீறிய இடம் தீப்பட்டால் பந்தம்போல் எரியும். காப்பதற்கென்று சுரந்ததே அங்கு எரிபொருளாகிவிடுகிறது!

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. வெந்த உட்பட்டையில் சாராயம் உண்டாகிறது. அதன் மணமும் பிசின் மணமும் காற்றில் பரவ, துளைக்கும் வண்டுகள் அதைத் தேடி வருகின்றன. தீயில் தப்பிய மரம் சில மாதங்கள் கழித்து வண்டுக்கு இரையாவது இதனாலேதான். இலை கருகிய மரத்திடம் மாவுச்சத்துக் குறைவு. புதிய பிசினையும் துவர்ப்பையும் ஆக்க அதற்குக் கையிருப்பு இல்லை.

எனினும், தீ எப்போதும் கெடுதியே என்று கூறுதல் பொருந்தாது. அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்துப் பைன் காடுகளில் நடந்து, 2015-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, மிதமான தீ பட்ட மரங்கள் பின்னர் பிசின் குழாய்களை மிகுதியாக உண்டாக்கிக்கொள்வதைக் காட்டியது. தழும்பு மரத்துக்கு ஒருவகைப் பயிற்சிபோலும்! யூகலிப்டஸ் மரமும் காயத்தைச் சுற்றிச் செம்பிசின் நரம்புகளை அமைத்துக்கொள்கிறது.

ஆனால் அதற்குக் காலம் வேண்டும். ஆண்டுதோறும் தீ வந்தால், கனத்த பட்டை சேர்வதற்குள் அடுத்த தீ வந்துவிடும். தலை கருகிய செம்மரக் கன்று வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அடுத்த பங்குனியில் மறுபடி கருகும். வேரிலுள்ள சேமிப்போ ஒவ்வொரு முறையும் குறைகிறது. மருந்துக்கென்று பட்டை உரிக்கப்பட்ட வேங்கையின் நிலை இதனினும் கொடிது. உரித்த இடத்தில் கவசமும் இல்லை, கிடங்கும் இல்லை. அடுத்த முறை தீ கடந்த சரிவில் ஏறுகையில், கிளைகளை மட்டும் பாராமல் அடிமரத்தையும் குனிந்து பாருங்கள். மேட்டுப்புறத்துப் பக்கத்தில்தான் சருகு தங்கும். தழும்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.