தலைகீழாய் நீந்தும் கெளுத்தி

கண்ணாடித் தொட்டியில் வயிறு மேலாக மிதந்த மீனொன்றை இறந்ததெனக் கருதி, எடுத்தெறியக் கை நீட்டினேன். அது விரைந்து நீந்தி மறைந்தது! ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுப் படுகைக்குரிய சிறு கெளுத்தி அது.

அதன் நீளம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். மூன்று இணை மீசைகள், பெரிய கண்கள், பிளவுண்ட வால், பழுப்பு உடலில் கரும்புள்ளிகள். பெரும்பாலான மீன்களுக்கு முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருக்கும்; இதற்கோ வயிறே கறுத்திருக்கும். 1936இல் அறிவியலார் சூட்டிய ‘நைக்ரிவென்ட்ரிஸ்’ என்னும் பெயருக்குக் கருவயிறு என்பதே பொருள். தலைகீழாய் நீந்துகையில், மேலிருந்து நோக்கும் பகைவர்க்கு அக்கருமை நீரின் இருளோடு கலந்துவிடும். நீர்ப்பரப்பிலுள்ள இரையை உண்பதற்கும் இந்நிலை ஏற்றது.

மாணவர்களே, அவ்வயிற்றின் நிறத்தை அன்று உற்று நோக்கியிருந்தால், உயிருள்ளதை இறந்ததென எண்ணியிருக்க மாட்டேன்.