கிழங்கை நடுமுன் மண்ணைக் கவனியுங்கள்
(மீளக்குடியமர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு ஆற்றப்பட்ட உரை)



வலிகாமத்துச் செம்மண்ணில் உருளைக்கிழங்கு நட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் நீங்கள். இப்போது பற்றை வளர்ந்த காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். முதலில் ஒன்று: கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி கிடைக்காத நிலத்தில் மண்வெட்டி போடவேண்டாம்.

கடன்பட்டு விதைக்கிழங்கு வாங்குகிறோம். ஒரு போகம் அழுகினால் கடன் மட்டுமே மிஞ்சும். பயத்தில் மருந்தை அள்ளி ஊற்றினாலோ, அது சுண்ணாம்புக்கல் நிலத்தினூடாக இறங்கி நாம் குடிக்கும் கிணற்றில் சேரலாம். எனவே நோய் வருமுன் காப்பதே மலிவு.

பல வருடம் கிழங்கு நடாத நிலத்தில் கிழங்கு நோய்க்கிருமிகள் குறைந்திருக்கும். அந்த நிலத்துக்கு நோயைக் கொண்டுவருவது பெரும்பாலும் விதைக்கிழங்குதான். வாங்கிய கிழங்கில் சிலவற்றைக் கழுவிப் பாருங்கள். கழுவியும் போகாத கறுப்புப் பொருக்குகள் இருந்தால், அது மண் அல்ல. கறுப்புப் பொருக்கு நோயின் பங்கசு. அவற்றை ஒதுக்குங்கள். இயன்றவரை முழுக்கிழங்காக நடுங்கள்.

இந்தப் பங்கசை எதிர்க்க மண்ணிலேயே ஒரு நண்பன் உண்டு. டிரைக்கோடேர்மா என்னும் நன்மை தரும் பங்கசு அது. நோய்ப்பங்கசின் இழைகளைச் சுற்றிக்கொண்டு, அவற்றின் சுவரைக் கரைத்து உணவாக்கிக்கொள்ளும். இதன் தூளை, பக்கற்றில் சொன்ன அளவில், நன்கு உக்கிய ஈரமான கூட்டெருவுடன் கலந்து, நிழலில் சாக்கால் மூடி ஒரு கிழமை வைத்து, இடையில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். நடும்போது சாலில் இடுங்கள். காலாவதித் திகதி பார்த்து வாங்குங்கள். இது உயிருள்ள பொருள். வெயிலில் வைத்தாலும், பங்கசுநாசினியோடு கலந்தாலும் செத்துவிடும்.

சொறி நோய்க்கு வேறு வழி. எங்கள் மண் காரத்தன்மையுள்ளது. அது சொறிக்குப் பிடித்த மண். அதனால் சாம்பலோ, சுண்ணாம்போ, உக்காத சாணமோ போடாதீர்கள். கிழங்கு பிடிக்கும் நாட்களில் மண் காயவிடாதீர்கள். தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள். தேங்கினால் கிழங்கு அழுகும்.

பற்றீரியா வாடலை மட்டும் டிரைக்கோடேர்மாவை நம்பி விட்டுவிட முடியாது. இலை பச்சையாக இருக்கும்போதே செடி வாடினால், அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, தெளிந்த தண்ணீருள்ள கிளாசில் வெட்டுமுகம் கீழே இருக்கும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால்போல் நூல் இறங்கினால் அது வாடல் நோய்தான். அதற்கு மருந்தில்லை. செடியைக் கிழங்கோடு கிண்டி எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே எரியுங்கள். அந்தப் பாத்தித் தண்ணீரை அடுத்த பாத்திக்கு விடாதீர்கள். அங்கே அடுத்த போகம் கத்தரி, தக்காளி, மிளகாய் வேண்டாம். அவையும் இதே நோய்க்கு இடங்கொடுக்கும். வெங்காயம், குரக்கன் போடலாம். இடையில் சணல் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் மண்ணுக்குப் பசளை.

முதல் போகத்தில் முழுக்காணியிலும் நடாமல், சிறு துண்டில் தொடங்குங்கள். சந்தேகமென்றால் வாடிய செடியை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள். பக்கத்துத் தோட்டக்காரருக்கும் சொல்லுங்கள். அவருடைய வாய்க்காலில் வரும் நோய் நாளை உங்கள் வாய்க்காலுக்கும் வரும்.