வீட்டார் கூடிக் காணும் படம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குடும்பத்தினர்க்குரிய கல்விப் படங்கள் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்துள்ளனர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதிப் பிழைக்கும் எமக்குக் கலைப் புலமை ஏதும் இல்லை. எனினும் எமது தொழில் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. பெறுநர் முகவரி இல்லாத மூட்டை எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் கிடங்கிலேயே கிடக்கும். யார்க்காக என்று எண்ணாமல் எடுக்கப்படும் படத்தின் கதியும் அதுவே.

ஆவணப்படம் என்றதும் அது அயல்நாட்டார் கலை என்று நினைப்போர் உளர். அண்ணல் காந்தியடிகளின் வாழ்க்கையை முழுநீள ஆவணப்படமாக 1940இல் வெளியிட்டவர் கோட்டையூரிற் பிறந்த ஏ. கே. செட்டியார் என்னும் தமிழர். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், கப்பற் பயணத்தின்போது இவ்வெண்ணம் அவர்க்கு உதித்தது. பின்னர் நாடு நாடாகச் சென்று, பலரும் பல காலத்தில் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிப் பிடித்து, ஏறத்தாழ 50,000 அடி சேர்த்தார். அவர் சேர்த்திராவிடில் அவற்றுட் பல அழிந்தே போயிருக்கும். காலத்தால் அழியவிருப்பதைக் காப்பது ஆவணப்படத்தின் முதற்கடன் என்பதை இதனால் அறிகிறோம்.

இனி, நாம் வாழும் இக்குஜராத் மண்ணுக்கு வருவோம். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால், ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி சென்றது. அதே 1975இல் நமக்கு அண்மையிலுள்ள கேடா மாவட்டத்துப் பீஜ் என்னும் சிற்றூரில் ஒரு சிறு ஒளிபரப்பு நிலையம் எழுந்தது. அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தினர் அதனை நடத்தினர்.

அவர்கள் செய்த முறை கருதத்தக்கது. முதலில் கிராமங்களுக்குச் சென்று மக்களின் இன்னல் யாது எனக் கேட்டனர். பிறகே கதை எழுதினர். எழுதியதை அம்மக்களிடமே காட்டி, விளங்காதவற்றைத் திருத்தினர். குறைந்த கூலி, குடிப்பழக்கம், சாதிக் கொடுமை ஆகியவை வட்டாரப் பேச்சிலேயே நாடகங்களாயின. ஊரார் பலர் தாமே நடித்தனர். பொது இடத்தில் வைத்த ஒரு பெட்டியின் முன் பாட்டியும் பேரனும் கூடியிருந்து கண்டனர். யுனெஸ்கோவின் ஊரகத் தொடர்புப் பரிசும் அம்முயற்சிக்குக் கிட்டியது.

முடிவு என்னவாயிற்று? நம் சென்னை மாநகர்க்கு இரண்டாம் அலைவரிசை வேண்டும் என்பதற்காக, 1985இல் அவ்வொளிபரப்புக் கருவி அங்கே கொண்டு செல்லப்பட்டது. கேடா மக்கள் எதிர்த்தும் பயனில்லை. தமிழராகிய நாம் இதை எண்ணிச் சற்றே நாணத்தான் வேண்டும். பிறர் நமக்காக நடத்தும் நிலையம் ஒருநாள் எடுத்துச் செல்லப்படலாம். நாமே செய்யக் கற்ற கலையை எவரும் எடுத்துச் செல்ல முடியாது.

நிற்க. நம் காலனியில் ஒரு பெரியவர் இருந்தார். மீட்டர் கேஜ் பாதையில் நீராவி எஞ்சின் ஓட்டியவர். ஓசையைக் கேட்டே எஞ்சினின் நோய் இன்னதென்று சொல்வார். நம் முன்னோர் இங்கு வந்து குடியேறிய வரலாற்றை அவர்போல் சொல்ல ஆளில்லை. அவர் பேச்சைப் பதிவு செய்வோம் என்று யாம் மூன்று பொங்கலாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம். நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே படம் பிடிக்குமாயினும், "அடுத்த ஞாயிறு ஆகட்டும்" என்று காலம் தாழ்த்தினோம். சென்ற மழைக்காலத்தில் அவர் மறைந்தார். "தாத்தா ஓட்டிய எஞ்சின் எப்படி இருக்கும்?" என்று அவர்தம் பேரன் எம்மை இந்தியில் வினவினான். காட்டுவதற்கு எம்மிடம் ஒன்றுமில்லை. இக்குற்றம் எம்முடையது.

ஆதலின் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு சிறு படங்கள் எடுப்போம். ஒவ்வொன்றும் பத்து நிமிடத்திற்கு மேற்படலாகாது. ஒரு பொருளையே கூறல் வேண்டும். பெரியோர் பேசட்டும், சிறுவர் வினவட்டும், வினா தமிழிலேயே அமையட்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். படம் சற்று மங்கினாலும் கேடில்லை, பேச்சு தெளிவாய்க் கேட்க வேண்டும். முடித்ததும் முதலில் ஒரு பாட்டியிடமும் ஒரு சிறுவனிடமும் காட்டுங்கள். இருவர்க்கும் விளங்காத பகுதியை நீக்குங்கள். பின்னர் மாதக் கடைசி ஞாயிறு மாலை, இம்மண்டபத்திலேயே அனைவரும் கூடிக் காண்போம். இன்று இல்லந்தோறும் ஆளுக்கொரு திரையை நோக்கித் தனித்தனியே அமர்ந்திருக்கிறோம். ஒரு திரையின் முன் ஒருங்கே அமர்வதே ஒரு கல்வியாகும்.

நம் மக்கள் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க இடர்ப்படுகின்றனர். ஆயின் பாட்டியின் குரலில் வரும் தமிழ் அவர்க்கு விளங்கும். அக்குரல் உள்ளபோதே அதைப் பேணுவோம். முதற்படத்திற்கு எமது அன்னையாரைப் பேச இசைவித்துள்ளோம். வரும் ஞாயிறே தொடங்குகிறோம். இனி "அடுத்த ஞாயிறு" என்னும் சொல் எம் வாயில் வாராது.