யானைக்கவுனி: மதிலும் மக்களும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்னையின் வடபால், நடுவண் தொடர்வண்டி நிலையத்திற்கு அணித்தே, யானைக்கவுனி என்றோர் இடம் உண்டு. அங்கே யானையும் இல்லை, கவுனியும் இல்லை. இருப்பன தொடர்வண்டிப் பாதையும், அதன்மேல் ஒரு பாலமும், சுமைவண்டிகளின் நெரிசலும், பண்டசாலைகளுமே. ஆயினும் ஊரார் நாவில் அப்பெயர் இருநூற்றைம்பது ஆண்டுகளாக நின்று நிலவுகின்றது.

கவுனி என்பது கோட்டைவாயில். தெலுங்கில் கவனி என்றும் கன்னடத்தில் கவினி என்றும் வழங்கும் உறவுச் சொல் அது. வாயில் இருந்ததாயின் மதில் இருந்திருத்தல் வேண்டும். மதில் இருந்ததாயின் அதனால் காக்கப்பட்டோரும், அதற்குப் பொருள் கேட்கப்பட்டோரும் இருந்திருத்தல் வேண்டும். அம்மதிலை எழுப்பியவர் யார்? யாரைக் காக்க எழுப்பினர்? ஒரு நகரை உண்மையில் காப்பது மதில்தானா? இவ்வினாக்களை ஆராய்வதே இப்பொழிவின் நோக்கம்.

மதில் எழுந்த வரலாறு

சென்னையின் அகவையை 1639ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடும் பழக்கம் ஒன்று உண்டு. அஃது ஆங்கிலேயர் கோட்டையின் அகவையே அன்றி இந்நிலத்தின் அகவை அன்று. யானைக்கவுனிக்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ள திருவொற்றியூர் மூவர் பாடலும் பெற்ற பழம்பதி. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அதன் திருக்கோயில் கற்றளியாயிற்று. தெற்கே மயிலையும் திருவல்லிக்கேணியும் அத்தகையனவே. தாமர்ல நாயக்கரிடம் இசைவுபெற்று 1639இல் கும்பினியார் வந்து தங்கிய கடற்கரை, இப்பழம்பதிகளுக்கு இடைப்பட்ட ஒரு துண்டு நிலமே ஆகும்.

அடுத்த ஆண்டு எழத் தொடங்கிய கோட்டையை ஒட்டி வெள்ளையர் வாழ்ந்த பகுதி வெள்ளையர் நகர் எனப்பட்டது. அதற்கு வடக்கே நெசவாளரும் வணிகரும் தொழிலாளரும் வாழ்ந்த பகுதிக்குக் கறுப்பர் நகர் என்று பெயரிட்டனர். மண்ணுக்குரிய மக்களைத் தோலின் நிறத்தால் குறித்த பெயர் அது. 1746இல் பிரஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1749இல் அது மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டைக்கு எதிரே பீரங்கி சுடுவதற்கு வெட்டவெளி வேண்டும் என்பதற்காகப் பழைய கறுப்பர் நகர் தரைமட்டமாக்கப்பட்டது. இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் நிலமே அவ்வூர் இருந்த இடம். கோட்டையைக் காக்க ஊரை இடித்தனர். இதனை நெஞ்சில் இருத்துக.

வீடிழந்த மக்கள் இன்னும் வடக்கே, முத்தியாலுப்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் குடியேறினர். புதிய ஊருக்குக் காவல் இல்லை. 1758ஆம் ஆண்டின் இறுதியில் பிரஞ்சுப் படைத்தலைவர் இலாலி முற்றுகையிட்டபோது அவ்வூர் எளிதில் பகைவர் கைப்பட்டது. 1767இலும் 1769இலும் ஐதர் அலியின் குதிரைப்படை சென்னையின் புறத்தே வந்து நின்றது. அதன் பின்னரே வடக்கிலும் மேற்கிலும் பெருமதில் எழுந்து 1770களின் தொடக்கத்தில் முடிந்தது. மேற்கு மதிலில் அமைந்த வாயில்களுள் ஒன்றே யானைக்கவுனி.

மதில் எழுந்தவுடன் வந்த அடுத்த செய்தி வரி. மதிலால் நன்மை பெறுவோர் அதற்கு வரி செலுத்த வேண்டும் என்று கும்பினி ஆட்சியர் கருதினர். அவ்வரியைத் தண்டுவதற்கு முறையான சட்ட உரிமை இல்லை எனத் தெரியவே, திட்டம் கைவிடப்பட்டது. வரி போயிற்று, பெயர் மட்டும் சாலைக்கு ஒட்டிக்கொண்டது. அதுவே மக்கள் வாயில் வால்டாக்சு சாலை என வழங்குவது. மதில்வரிச் சாலை என்று தமிழில் சொல்லியிருப்பின், சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு வரலாறு நினைவுக்கு வந்திருக்கும். வால்டாக்சு என்னும்போது வாலும் விளங்கவில்லை, தலையும் விளங்கவில்லை.

மதிலும் பையப் பைய மறைந்தது. பழைய சிறைச்சாலைச் சாலையில் மாடிப்பூங்கா என வழங்கும் இடத்தில் அதன் ஒரு துண்டு எஞ்சியுள்ளது. எந்தப் பகைவனை அஞ்சிக் கட்டினரோ அவன் வராதுபோன பின்னர், அது நகருக்குத் தடையாயிற்று. 1856 சூன் 28ஆம் நாள் இராயபுரம் தொடர்வண்டி நிலையம் திறக்கப்பட்டது. சூலை முதல் நாளிலிருந்து வாலாசா நோக்கி வண்டிகள் ஓடின. குதிரைப்படைக்கு அஞ்சிய காலம் முடிந்தது.

நான்கு காற்றும் நகரின் நீரும்

மதிலால் தடுக்க இயலாத ஆற்றல்கள் இரண்டு: காற்றும் நீரும். தமிழர் நாற்றிசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயரிட்டனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். சென்னையின் தட்பவெப்பம் முழுவதையும் இந்நான்கு சொற்களில் அடக்கிவிடலாம். வேனிலில் மேற்கிலிருந்து நிலத்தின் வெம்மையை வாரிக்கொண்டு வருவது கோடை. நண்பகலில் கடற்காற்று எழுந்து அதனை எதிர்த்து உள்ளே புகுமாயின் வெப்பம் தணியும்; கோடை வலிதாய் நின்று அதனைத் தடுக்குமாயின் ஊர் வேகும். 2003 மே 31ஆம் நாள் நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 பாகை அளவைத் தொட்டது.

மழையோ வாடையும் கொண்டலும் கூடித் தருவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 140 செ.மீ. பெறும் இந்நகருக்கு அதில் ஐந்தில் மூன்று பங்கு அக்தோபர் முதல் திசம்பர் வரையிலான மூன்று திங்களில் பெய்கின்றது. தமிழ் மரபில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம். நாட்டின் பிற பகுதிகளில் மழை ஓய்ந்த பின்னரே சென்னையின் பெருமழை தொடங்கும். மூன்று திங்களில் கொட்டுவதை எஞ்சிய ஒன்பது திங்களுக்குச் சேர்த்து வைத்தாலன்றி இங்கு வாழ்தல் அரிது. இதனை அறிந்தே முன்னோர் ஏரியும் குளமும் தாங்கலும் கண்டனர்.

கூதிர்க்காலப் புயல் பேரரசுகளுக்கும் அஞ்சியதில்லை. 1746 அக்தோபரில் சென்னையைப் பிடித்து வைத்திருந்த பிரஞ்சுக்காரரின் கப்பல்கள் பல புயலில் சிதைந்தன. 1881 நவம்பரில் வீசிய புயல், புதிதாய்க் கட்டி வந்த துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களை உடைத்தெறிந்தது. மீண்டும் கட்டினர், துறைமுகம் நிலைத்தது. ஆனால் தெற்கிலிருந்து வடக்கே கடலோரமாய் நகர்ந்துசெல்லும் மணலை அச்சுவர்கள் தடுத்தன. தடுக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்து மெரினாக் கடற்கரை அகன்றது. மணல் வராமையால் வடக்கே கடல் நிலத்தை அரித்தது. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை மீனவர் குப்பங்கள் கடலுக்குத் தம் நிலத்தை இழந்தன. ஒரு சுவரால் தெற்கு பெற்றது. அதே சுவரால் வடக்கு இழந்தது.

குடிநீரின் வரலாறும் அத்தகையதே. 1772இல் முத்தியாலுப்பேட்டைப் பகுதியில் கிணறுகள் தோண்டி நீர் எடுக்கும் திட்டம் உருவாயிற்று. அவ்விடமே ஏழுகிணறு. கிணறு வடக்கில், ஆனால் அந்நீர் சென்றதோ கோட்டைக்கு! நூறாண்டு கழித்து, 1872இல்தான் புழல் ஏரி நீர் நகருக்கு வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் ஊரார் தத்தம் கிணற்றையும் குளத்தையும் நம்பியே வாழ்ந்தனர். 1876 தொடங்கிய பெரும்பஞ்சத்தில் கூலிக்காக மண் சுமந்த ஏழையரின் உழைப்பாலேயே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. அதற்குச் சூட்டிய பெயரோ ஆளுநர் பக்கிங்காமின் பெயர். வெட்டியவர் பெயரை எவரும் பொறிக்கவில்லை.

அக்கால்வாயின் இற்றை நிலையை எண்ணிப் பார்க்க. 2015 நவம்பரில் 100 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது; 1918க்குப் பின்னர் அத்தகைய நவம்பரைச் சென்னை கண்டதில்லை. திசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் நகரே மிதந்தது. நான்கே ஆண்டுகளில், 2019 வேனிலில், ஏரிகள் வறண்டு குடத்து நீருக்கு மக்கள் நள்ளிரவில் காத்துக் கிடந்தனர். 2023 திசம்பர்ப் புயல்மழையிலோ மணலித் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்று. மீனவர் படகும் வலையும் கரிபூசினாற்போல் ஆயின. வெள்ளமும் வறட்சியும் ஒரே நோயின் இருவேறு குறிகள். நீரின் வழியை மறந்ததே அந்நோய்.

மறந்தவர்க்கு நினைவூட்ட ஊர்ப்பெயர்கள் காத்து நிற்கின்றன. ஓட்டேரி என்னும் பெயரில் ஏரி இருக்கின்றது. பழவந்தாங்கலிலும் ஐயப்பன்தாங்கலிலும் நீர் தாங்கிய சிறு நிலை இருக்கின்றது. பெயரைக் கேட்டும் பொருளை எண்ணாது மனை பிரித்தனர். மழை வந்து பெயரின் பொருளை விளக்கிற்று. தாய்மொழியில் அமைந்த ஊர்ப்பெயர் வெறும் அடையாளம் அன்று. அஃது அந்நிலத்தின் பட்டயம். அதனைச் சிதைப்பது பட்டயத்தைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

மக்களின் நாவுக்குள்ள ஆற்றலையும் ஈண்டுக் கருதுக. ஆளுநர் காலெட்டு என்பவர் பெயரால் திருவொற்றியூர்ப் பகுதியில் நெசவாளர்க்காக ஒரு பேட்டை எழுந்தது. மக்கள் அதனைக் காலடிப்பேட்டை ஆக்கிக்கொண்டனர். ஆளுநர் மறைந்தார், பேட்டை தமிழாய் நிற்கின்றது.

ஆட்சி யார் கையில்?

இனி நகராட்சிக்கு வருவோம். 1688 செப்தம்பர் 29ஆம் நாள் சென்னை மாநகராட்சி தொடங்கப்பெற்றது. இந்தியாவில் இதனினும் பழைய மாநகராட்சி பிறிதில்லை. தோற்றுவித்த கரணியம் யாது? ஆட்சியாளர் விதிக்கும் வரியை வெறுக்கும் மக்கள், தம்மவரும் இருக்கும் அவை விதித்தால் செலுத்துவர் என்று இலண்டனில் இருந்த கும்பினித் தலைவர் சோசையா சைல்டு கணக்கிட்டார். மக்கள் அதற்கும் எளிதில் இணங்கினாரல்லர். நூறாண்டு செல்லுமுன் எழுந்த மதில்வரியும் அவ்வாறே தோற்றது. தம் கையில் இல்லாத ஆட்சிக்குத் தம் கைப்பொருளைத் தர மக்கள் தயங்கினர் என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் தரும் பாடம்.

ஆட்சி தம்மவர் கைக்கு வந்தபோது நிகழ்ந்தது வேறு. வடசென்னையினரான வெள்ளுடை வேந்தர் தியாகராயர் மாநகராட்சித் தலைவராய் வீற்றிருந்த காலத்தில், 1920இல், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்க்கு நண்பகல் உணவு தரத் தீர்மானம் நிறைவேறிற்று. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. பின்னாளில் தமிழ்நாடு முழுதும் படர்ந்த பெருமரத்தின் விதை அந்த ஓரணா.

அதற்கு ஈராண்டு முன்னர், 1918 ஏப்பிரல் 27ஆம் நாள், பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்க்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. இந்தியாவில் முறையாக அமைந்த தொழிற்சங்கங்களுள் முன்னோடி அது. வாடியா தலைமை ஏற்றார். தமிழ்த்தென்றல் திரு.வி.க. தொழிலாளரின் உரிமையைத் தொழிலாளரின் மொழியிலேயே எடுத்துரைத்தார். உரிமை என்னும் சொல் தாய்மொழியில் செவிப்பட்டபோதுதான் கூலிக்காரர் தம்மை மாந்தராய் உணர்ந்தனர்.

அத்தகு நகரில் 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. 2011இல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் மாதவரமும் இணைந்து, 174 சதுரக் கிலோமீட்டர் நகர் 426 ஆக விரிந்தது. அவ்வாறு விரிந்த நகரும் 2016 முதல் 2022 வரை மக்கள் தேர்ந்த உறுப்பினரின்றி அலுவலர் ஆட்சியில் இருந்தது. தெருவில் நீர் தேங்கினால் கேட்பதற்கு வட்டத்தில் ஓர் உறுப்பினர் இல்லாத ஆண்டுகள் அவை. கும்பினி ஆட்சியில் மக்கள் வரியை மறுத்தேனும் தம் உரிமையை உணர்த்தினர். விடுதலை பெற்ற நாட்டில் வரி செலுத்திக்கொண்டே மக்கள் வாளா இருந்தனர். இதனினும் வருந்தத்தக்கது வேறுண்டோ?

மொழி வாழ்ந்த தெருக்கள்

யானைக்கவுனியைச் சூழ்ந்த தெருக்கள் வணிகத்திற்கு மட்டும் உரியன அல்ல. ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்த இளமையில் வள்ளலார் கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். திருவொற்றியூர்க்கு நாள்தோறும் நடந்தார். அந்நாளில் கடற்கரை வெளியை நோக்கி நின்ற கிறித்துவக் கல்லூரியில் பரிதிமாற்கலைஞர் தமிழ் பயிற்றினார். அவர் அமர்ந்த அதே கல்லூரியில் மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை ஆசிரியராய் விளங்கினார். 1916இல் பல்லவரத்தில் முளைத்த தனித்தமிழ்க் கொள்கைக்கு உழுது பண்படுத்திய நிலம் இவ்வட்டாரமே எனலாம்.

இன்று அதே தெருக்களில் மார்வாரியும் குசராத்தியும் தெலுங்கும் உருதும் ஒலிக்கின்றன. அதனைக் குறையாகக் கருத வேண்டா. வாணிகத்திற்கு வந்தோர்க்கு வாயில் திறந்து வைத்தது தமிழர் பண்பு. குறை, வாயிலைத் திறந்தவர் தம் பெயர்ப்பலகையைத் தாமே கழற்றி வைத்ததில்தான் இருக்கின்றது. வந்தோர் தத்தம் மொழியை வீட்டிலும் கணக்கேட்டிலும் காக்கின்றனர். அவர்களிடம் கற்கவேண்டிய பாடம் அது.

பெருமக்களே! மதிலைக் கட்டியவர் ஊரைக் காக்கவில்லை. ஒருகால் ஊரையே இடித்துக் கோட்டையைக் காத்தனர். அலைத்தடுப்புச் சுவர் கப்பலைக் காத்தது, குப்பத்தைக் காக்கவில்லை. ஒரு நகரைக் காப்பவை இரண்டே: தம் நிலத்தையும் நீரையும் பெயர்சொல்லி அறிந்த மக்களின் அறிவு, அவ்வறிவைச் செயலாக்கும் ஆட்சியில் அம்மக்களுக்குள்ள பங்கு. முன்னது மொழியால் வருவது. பின்னது உரிமையால் வருவது. ஒன்றை விட்டு மற்றொன்று நில்லாது.

ஆதலின் ஒவ்வொருவரும் தாம் வாழும் தெருவின் பெயர்க்குப் பொருள் அறிக. அத்தெருவில் பெய்யும் மழை எவ்வழியே எங்குச் செல்கின்றது என ஆராய்ந்து பிள்ளைகளுக்குக் காட்டுக. வட்டத்து உறுப்பினரிடம் தமிழில் எழுதிக் கேட்டு, தமிழில் விடை பெறுக. யானைக்கவுனியிலும் ஏழுகிணற்றிலும் காலடிப்பேட்டையிலும் அவ்வப் பெயரின் வரலாற்றைத் தமிழில் பொறித்த கல் ஒன்று நிற்க மாநகராட்சியை வற்புறுத்துக. கல்லால் எழுந்த மதில் வீழ்ந்தது. சொல்லால் எழுந்த வாயில் இன்னும் நிற்கின்றது. அதனை வீழவிடாது காப்பது தமிழர் கடன்.

வாழ்க தமிழ்! வளர்க நகர்!