தகரப் பெட்டிக் கடிதங்கள்

இறக்குவானை, கஹவத்தை, தெரணியகலைப் பக்கம் பழைய லயக் காம்பராக்களில் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பிறப்பத்தாட்சிப் பத்திரம், பிரஜாவுரிமைப் பத்திரம், கோத்தகிரியிலிருந்து வந்த நீலநிற ஏரோகிராம், எல்லாம் அதற்குள்தான்.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே. தலைமன்னாரில் கப்பலேறியவர்களோடு மிஞ்சிய உறவு அந்தக் கடிதம்தான். ஒப்பந்தத்தின் பிரதி அரசாங்கத்திடம் பத்திரமாக இருக்கிறது. பிரிந்தவர்கள் பட்ட பாடு இந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது. சப்ரகமுவ மழையும் கறையானும் அந்தக் கடிதங்களை விட்டுவைக்காது.

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களோடு மலையக ஆவணங்களையும் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்துவருகிறது. நம் வீட்டுக் கடிதங்களும் அங்கே போகவேண்டியவைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கடிதத்தைப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் படமெடுங்கள். தபால் முத்திரை உள்ள பின்பக்கத்தையும் விடாதீர்கள், திகதி அதில்தான் இருக்கும். அம்மாயியிடம் பேச்சுக் கொடுத்து போனில் பதியுங்கள். அவர் சம்மதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டம், டிவிசன், ஆண்டு மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.