ஏரிக்கரையில் ஒரு புகைப்படப் பதிவேடு

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில், முத்தாபுதுப்பேட்டை அன்பர்கள் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஏரியைப் பற்றிப் பேச வந்தவர்கள் மண்வெட்டியை விட்டுக் கேமிராவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்களே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவதில் தவறில்லை. தொடக்கத்தில் நாங்களும் இதனை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்றே கருதினோம். முத்தாபுதுப்பேட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த பதினொரு பேர் நாங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மூவர், பள்ளி ஆசிரியை ஒருவர், கல்லூரி மாணவர் சிலர், கொத்தனார் ஒருவர், நிலத்தை விற்றுவிட்ட உழவர் குடும்பத்தினர் இருவர். உருப்படியான கேமிராக்கள் இரண்டே இருந்தன. மற்றவர்கள் கையில் இருந்தது கைப்பேசிதான்.

முதலில் நாங்கள் சென்றது ஆவடி–பூந்தமல்லிச் சாலையிலுள்ள பருத்திப்பட்டு ஏரிக்கு. ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்த ஏரி அது. ஆயக்கட்டு முழுவதும் வீடுகளான பின்னர்ச் சாக்கடை நீர் தேங்கும் இடமாகிப் பல ஆண்டுகள் கிடந்தது. பின்னர் அரசு அதனைச் சீரமைத்துக் கரையில் நடைபாதை அமைத்து, 2019-ஆம் ஆண்டில் மக்களுக்குத் திறந்துவிட்டது. ஆவடி மாநகராட்சியானதும் அதே ஆண்டில்தான். அங்கே கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் நாமக்கோழிகளும் இருந்தன. ஒரே காலைப் பொழுதில் நானூறுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்துவிட்டோம்! அவற்றை வீட்டுத் திண்ணையில் பரப்பி மகிழ்ந்துகொண்டிருந்தபோது, அயலூரிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முன்னாளில் தம் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர் அவர். "பறவை நன்றாக இருக்கிறது. இதில் கலங்கல் எங்கே? மதகு எங்கே? தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது?" என்று கேட்டார். எங்களால் ஒன்றுக்கும் விடை கூற இயலவில்லை. நானூறு படங்களில் ஒன்றேனும் ஏரியின் படமாக இல்லை.

அன்றுதான் எங்கள் வேலை உண்மையில் தொடங்கியது என்று கூறவேண்டும். அம்முதியவரின் ஊர் ஏரியையே எடுத்துக்கொண்டோம். மாநகராட்சி எல்லைக்கு வெளியே, இன்னும் சில குடும்பங்கள் பயிர் செய்கின்ற சிற்றூரின் ஏரி அது. அதன் பெயரைச் சொல்லாது விடுகிறோம். காரணம் பின்னர் விளங்கும்.

பலர் கூடிப் படம் எடுப்பதற்கு ஒழுங்கு வேண்டும். இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்க நாட்டில் பெரும் பொருளாதார மந்தத்தால் உழவர்கள் நிலம் இழந்து அலைந்த காலத்தில், 1935 முதல் அந்நாட்டு அரசே புகைப்படக்காரர் பலரை ஊர் ஊராக அனுப்பிற்று. அதனை நடத்திய ராய் ஸ்டிரைக்கர் என்பவர் பொருளாதார ஆசிரியர். புகைப்படக் கலைஞர் அல்லர். எதை எதைப் பார்க்கவேண்டும், எதைக் கேட்கவேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தே ஆட்களை அனுப்புவார். அந்தத் தொகுப்பும் அதைத் தொடர்ந்து போர்க்காலத்தில் எடுத்தவையுமாக ஏறத்தாழ 1,75,000 படச்சுருள் பிரதிகள் அந்நாட்டு நூலகத்தில் இன்றும் உள்ளன.

நாங்களும் ஒரு பட்டியல் எழுதினோம். எழுதச் சொன்னவர் நீர்க்கட்டிப் பெரியவர். கரையில் எட்டு இடங்களைத் தேர்ந்து ஒவ்வொன்றிலும் ஒரு கல்லுக்குச் சுண்ணாம்பு பூசினோம். மாதத்தின் முதல் ஞாயிறன்று காலையில், அந்தக் கல்லின்மேல் நின்று, அதே திசையில், அதே உயரத்தில் படம் எடுப்பது. கலங்கல், இரு மதகுகள், வரத்துக் கால்வாய் ஏரியில் சேரும் வாய், கரையின் உட்சரிவு ஆகியவை கட்டாயம். அடி குறித்த மூங்கிற்கழி ஒன்று படத்தில் நிற்கவேண்டும்; அஃதில்லாவிடில் பள்ளம் பெரிதா சிறிதா என்பது தெரியாது. தேதி, நேரம், நின்ற இடம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை நோட்டில் உடனே எழுதவேண்டும். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட படங்கள் அனைத்தும் வீணாயின.

இதில் எங்களுக்கு நேர்ந்த மற்றொரு தவறையும் சொல்லிவிடுகிறோம். முதல் மூன்று மாதங்கள் படங்களை வாட்ஸ்அப் வழியாக ஒருவருக்கொருவர் அனுப்பிச் சேர்த்து வைத்தோம். அவ்வழியே சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடுகிறது. கைப்பேசி தானே பதிந்துவைக்கும் இடக்குறிப்பும் அழிந்துவிடுகிறது. மூலப்படத்தை எடுத்தவரே கணினியிலோ நினைவக அட்டையிலோ மாற்றாமல் வைத்திருக்கவேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, இத்தகைய மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டுவதற்குச் சான்றிதழ் ஒன்றும் வேண்டும். மூலம் கையில் இல்லாதவர் எதற்குச் சான்று கொடுப்பது?

எங்கள் பகுதியினருக்கு மட்டும் உரிய எச்சரிக்கை ஒன்று. முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படை நிலையம் உள்ளது; ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை உள்ளது. கேமிராவை எத்திசையில் திருப்புகிறோம் என்பதில் கவனம் தேவை. ஆளில்லாப் பறக்கும் கருவியால் ஏரியை மேலிருந்து எடுக்கலாம் என்று மாணவர் ஒருவர் மிகவும் விரும்பினார். கூடாதென்று மறுத்துவிட்டோம். காவல் நிலையத்தில் முன்னரே எழுதிக் கொடுத்த பின்பே வேலையைத் தொடங்கினோம்.

ஐந்தாம் மாதத்தில் பயன் தெரிந்தது. கலங்கலின் படங்களை வரிசையாக வைத்தபோது, மேல்வரிசைக் கற்களில் ஒரு பகுதி இரண்டு படங்களுக்கு இடையில் காணாமற்போயிருந்தது. முக்கால் அடி இருக்கும் என்று கொத்தனார் கூறினார். நாள்தோறும் அவ்வழியே போகிறவர்கள்கூட அதைக் கவனிக்கவில்லை. முக்கால் அடிதானே என்று நினைக்கலாகாது. 100 ஏக்கர் நீர்ப்பரவல் உள்ள ஏரியில் கலங்கல் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், 43 இலட்சத்து 56 ஆயிரம் கன அடி நீர் நில்லாமல் ஓடிவிடும். நெற்பயிர் ஒரு போகத்திற்கு ஏறத்தாழ நான்கு அடி நீர் வேண்டும் என்பர். மழையே இல்லை என்று கொண்டால், அந்த ஓர் அடியில் 25 ஏக்கர் விளைந்திருக்கும். ஏரியின் மட்டம் தாழ்ந்தால், மேற்புறத்தில் நீர் ஏறும் நிலம் காய்ந்துவிடும். காய்ந்த நிலம் மனையாகிவிடும். கல்லை யார் எடுத்தார் என்பதைப் படம் கூறவில்லை. நாங்களும் கூறவில்லை. கிராம சபையில் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தோம். வாக்குவாதம் நிகழவில்லை. தீர்மானம் நிறைவேறியது, ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்தார், ஐப்பசி மழைக்கு முன்பாகக் கலங்கல் மீண்டும் கட்டப்பட்டது.

2022-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுவதை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏரிப்படங்களைக் காட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் ஏது? 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. அதற்குட்பட்டவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. யாரிடம் செல்லவேண்டும் என்பதை முதலில் அறிந்து, புல வரைபடத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். எல்லையைப் படத்தைக் கொண்டு நிலைநாட்ட முடியாது; அதற்கு அளவைதான் வேண்டும். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டமும் அளந்து எல்லை குறிப்பதில்தான் தொடங்குகிறது.

அழகான படத்தைப் பற்றி ஒரு சொல். கலிபோர்னியாவில் மோனோ என்றோர் ஏரி உண்டு. லாஸ் ஏஞ்செல்ஸ் நகரம் 1941 முதல் அதன் வரத்து ஓடைகளைத் தன் குடிநீருக்குத் திருப்பிக்கொண்டது. நாற்பது ஆண்டுகளில் ஏரி ஏறத்தாழ 45 அடி இறங்கிற்று. நீருக்குள் மறைந்திருந்த சுண்ணாம்புத் தூண்கள் வெளியே தெரிந்தன. அவை கோயிற் கோபுரங்கள்போல் அழகாயிருந்தமையால் படமெடுப்போர் கூட்டமாக வந்தனர். ஏரி வற்றியதற்கு அடையாளமான தூணே ஏரியின் அழகு என்று உலகம் எண்ணிற்று! எனினும் 1978-இல் அங்கே ஒரு மக்கள் குழு தோன்றி, படங்களையும் கணக்குகளையும் கொண்டு ஊர் ஊராக எடுத்துச் சொல்லிற்று. 1983-இல் நீதிமன்றமும் 1994-இல் மாநில நீர் வாரியமும் ஏரிக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறின. அப்போது விதிக்கப்பட்ட நீர்மட்டத்தை 2024 வரையில் ஏரி எட்டவில்லை. புழல் ஏரி 2019-இல் வறண்டு கிடந்த நிலையை வானிலிருந்து எடுத்த படங்களும் உலகெங்கும் வந்தனவே. அவையும் பார்ப்பதற்கு ஓவியம்போல் இருந்தன. நம் பக்கத்திலும் ஆகாயத்தாமரை பூத்த ஏரியின் படத்திற்குத்தான் பாராட்டு அதிகம். அது பூத்திருப்பது எதனால் என்று கேட்பார் இல்லை.

இனி, ஏரியின் பெயரைச் சொல்லாததன் காரணம்.

வரத்துக் கால்வாய் வாயருகே வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் பொன்னாங்கண்ணிக் கீரை பறித்து விற்று வந்தார். விடியற்காலை வெயிலில், இடுப்பளவு நீரில், கீரைக்கட்டைத் தலையில் ஏந்தி அவர் நின்ற படம் எங்கள் தொகுப்பிலேயே சிறந்தது. எடுக்கலாமா என்று கேட்டுத்தான் எடுத்தோம். அவரும் சிரித்துத் தலையசைத்தார். பின்னர் ஊர்ச் சாவடியில் படங்களை ஒட்டிவைத்தபோது, அவர் படத்திற்குப் பக்கத்தில், அதே வாயில் வீடுகளின் கழிவுநீர் வந்து சேரும் படத்தை வைத்துவிட்டோம். இரண்டும் ஒரே கல்லிலிருந்து எடுத்தவை. வரிசைப்படி அவ்வாறு அமைந்தது. வேறு எண்ணம் எங்களுக்கு இல்லை.

மறுநாள் மாலை அவர் மகன் வந்தார். கோபமாகப் பேசவில்லை. "ஐயா, காலையிலிருந்து அம்மாவிடம் ஒரு கட்டுக்கூட யாரும் வாங்கவில்லை" என்று மட்டும் கூறினார்.

உடனே படத்தை எடுத்துவிட்டோம். ஆனால் அத்துடன் பிரச்சினை தீரவில்லை. அன்றிரவு எங்களுக்குள் கடும் விவாதம் நடந்தது. கழிவுநீரில் வளர்ந்த கீரையை ஊரார் உண்பது நல்லதா, உண்மையை மறைப்பதா என்று ஆசிரியை கேட்டார். கழிவைக் கால்வாயில் விட்டவர்களில் ஒருவர் முகமும் நம் படங்களில் இல்லை. அதைத் தாங்கிக்கொண்டவரின் முகம் மட்டும் இருக்கிறதே என்று கொத்தனார் கேட்டார். இருவர் கூறியதும் நியாயம்தான். முன்னர்ச் சொன்ன அமெரிக்கத் தொகுப்பிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 1936-இல் டோரதியா லாங்கே எடுத்த ஏழைத் தாயின் படம் உலகப் புகழ் பெற்றது. படமெடுத்தவர் அத்தாயின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த அம்மையார் யாரென்று தெரிந்தபோது, அப்படத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை, எடுக்காதிருந்திருக்கலாம் என்று வருந்தினார்.

எங்களால் செய்ய முடிந்தது சிறிதே. அம்மையாரிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். நீர்க்கட்டிப் பெரியவர் மறுகரையில், கழிவு சேராத மதகுப் பக்கத்தைக் காட்டினார். இப்போது அவர் அங்கே பறிக்கிறார். நடக்கவேண்டிய தூரம் அதிகம். கீரையும் அங்கே குறைவு. கால்வாய் வாயின் படத்தை மட்டும் ஆளின்றி எடுத்து, கழிவுநீர் வரும் வழியெங்கும் பதினான்கு இடங்களில் படமெடுத்து, ஊராட்சிக்குக் கொடுத்திருக்கிறோம். அதன்மேல் இன்னும் முடிவு எடுக்கப்படவில்லை. அதுவரையில் ஏரியின் பெயரை வெளியூரில் சொல்வதில்லை என்று அவர் மகனுக்கு வாக்குக் கொடுத்துள்ளோம்.

யாரையேனும் படம் எடுப்பதானால், எடுக்கலாமா என்று கேட்பதோடு நில்லாமல், எங்கே, எதன் பக்கத்தில் வைக்கப்போகிறோம் என்பதையும் அவர்களிடம் சொல்லுவது என்று எங்கள் பட்டியலில் புதிதாகச் சேர்த்துள்ளோம். அந்தப் படத்தின் பிரதி ஒன்றைச் சட்டமிட்டு அம்மையாரிடம் கொடுத்தோம். அவர் வீட்டுக் கூடத்தில் அது மாட்டியிருக்கிறது. எங்கள் பதிவேட்டில் உள்ள பிரதி, எண் மட்டும் இட்டு, உறையில் ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது.