சிமெண்டுச் சிலைகளுக்கு மெருகேற்றும் முறை
(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

 

ஊர்ப் பூங்காக்களில் மான், முயல், யானைக்கன்று முதலிய சிமெண்டு வார்ப்புச் சிலைகளை நிறுவப் பல பஞ்சாயத்துகள் முன்வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயின், அச்சிலிருந்து எடுத்து வர்ணம் பூசியதும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். நாம் பார்வையிட்ட ஒரு பூங்காவில், அச்சின் இரு பாதிகளும் சேருமிடத்தில் தோன்றிய பிசிறு நீக்கப்படாமல், மானின் முதுகில் கத்திபோல் நின்றது. அதன்மீது ஏறிய சிறுவனின் தொடை கிழிந்தது. ஓராண்டு கழியுமுன் வர்ணமும் உரிந்தது. மெருகு அழகுக்காக மட்டுமன்று; குழந்தைகளின் பாதுகாப்புக்காகவும் பொதுப்பணத்தின் பாதுகாப்புக்காகவுமே ஆகும்.

அச்சைப் பிரித்த அன்றே, சிமெண்டு முற்றிலும் இறுகுமுன், பிசிறுகளைக் கரண்டியால் சுரண்டிவிட வேண்டும். காற்றுக் குமிழிகளால் உண்டான துளைகளை நீரால் நனைத்து, சிமெண்டும் சலித்த நுண்மணலும் கலந்த சாந்தால் அழுத்தி அடைக்க வேண்டும். ஈரத்தின்மேல் வெறும் சிமெண்டுப் பொடியைத் தூவித் தேய்ப்பது தவறு. அந்த மேற்பூச்சு உலரும்போது மயிரிழை வெடிப்புகள் காணும்.

பின்னர், சிலையை ஈரச் சாக்கால் போர்த்திப் பதப்படுத்த வேண்டும். இன்று கடைகளில் பெரிதும் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் தேவை. நமது கோடை வெயிலில் 14 நாள் காப்பது நலம். நீர் காட்டாத சிலையை எவ்வளவு தேய்த்தாலும் மாவாக உதிருமேயன்றி மெருகு ஏறாது.

அடுத்து, மொசைக் தரை தேய்க்கும் கார்போரண்டம் கல்லால் 60, 80, 120 என முரட்டுக் கல்லிலிருந்து மென்மையான கல்லுக்குப் படிப்படியாகச் செல்ல வேண்டும். நீர் ஊற்றிக்கொண்டே தேய்த்தல் இன்றியமையாதது. உலர்வாகத் தேய்த்தால் எழும் சிலிகாத் தூசு நுரையீரலில் தங்கி, சிலிகோசிஸ் என்னும் நோயை விளைவிக்கும். அதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஊருக்கு அழகு செய்யும் தொழிலாளி தன் மூச்சை இழத்தல் ஆகாது. ஈரச் சிமெண்டு தோலையும் புண்ணாக்குமாதலால், கையுறையும் அளிக்க வேண்டும்.

எண்ணெய் வர்ணம் பூச அவசரம் வேண்டாம். புதிய சிமெண்டின் காரம் எண்ணெயைச் சோப்புப் போலாக்கி, வர்ணத்தை உரியச் செய்யும். வார்த்து 28 நாளேனும் சென்றபின், நன்கு உலர்ந்த சிலைக்கே பூச வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பணம் வழங்குமுன், வர்ணம் பூசாத சிலையை உறுப்பினர்கள் உள்ளங்கையால் தலைமுதல் கால்வரை தடவிப் பாருங்கள். கையை உறுத்துவது எதுவும் குழந்தையின் உடலையும் உறுத்தும். கை தடையின்றி வழுகிச் சென்றால் பட்டியலில் கையொப்பமிடுங்கள். இன்றேல் மீண்டும் கல்லும் நீரும் எடுக்கச் சொல்லுங்கள்.